நீ பெருக்கிய மணல்

என் செல்ல அக்கா,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன் கருவாட்டுக் கூடை என் தாம்பரம் அறையில்தான் இருக்கிறது. "வாசனை வருதுப்பா, கழுவிடலாமா?" என்று கூடத் தங்கியிருக்கும் பெண் இரண்டு முறை கேட்டுவிட்டாள். நான் பதில் சொல்லவில்லை. எதற்குத்தான் வாய் திறந்திருக்கிறேன்?

இன்றைக்கும் திறக்கவில்லை. அதை உன்னிடம் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கல்லூரிக்காக நம் குப்பத்தைப் படம் எடுத்தேனே, நினைவிருக்கிறதா? அன்றாட வாழ்க்கையை உள்ளபடி பதிவு செய்யச் சொல்லியிருந்தார்கள். நான் கேமராவோடு வருகிறேன் என்றதும் நீ துடைப்பத்தைத் தூக்கிவிட்டாய்.

"போட்டோ புடிக்க வரச்சொல்லோ இன்னாடி இது, கருவாடும் வலையுமா பரப்பி வெச்சிகினு கீறீங்க? எடுங்கடி எல்லாத்தியும்!"

பக்கத்து வீட்டுக் கன்னியம்மா அக்கா சிரித்தாள். "ஏன்டி, உன் தங்கச்சி இன்னா கலெக்டரா?"

"ஆவப்போறா. நீ மொதல்ல உன் பாயைச் சுருட்டு."

பாய்கள் எல்லாம் வீட்டுக்குள் போயின. வலைகளும் போயின. விருந்தாளி வருகிற வீட்டு வாசலைப் போல அந்த மணல் முழுவதையும் பெருக்கினீர்கள். எப்போதும் போலவே இருக்கட்டும் என்று சொல்ல நினைத்தேன். எல்லோர் முகத்திலும் அத்தனை பெருமை. சொல்ல வரவில்லை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குக் கட்டும் புடவையோடு நீ வந்து நடுவில் நின்றாய். படத்தில் இடம் மட்டும் விழ வேண்டும், கொஞ்சம் நகரு என்றேன். சிரித்துக்கொண்டே நகர்ந்தாய்.

அங்கே வண்டி நிறுத்துமிடம் கட்டப் போகிறார்களாம். இன்று தாம்பரத்தில் அதற்குக் கருத்துக்கேட்புக் கூட்டம். காலி இடம் என்பதற்குச் சான்றாக மேசையில், கல்லூரிக் கண்காட்சியில் வைத்த என் படம், அடியில் என் பெயர்.

கன்னியம்மா அக்கா எழுந்து கத்தினாள். "அங்கதான் சார் கருவாடு காய வெச்சிகினு கீறோம்! எங்க பொழப்பே அதான்! வந்து பாரு சார்!"

அதிகாரி கோபப்படவே இல்லை. "உங்க ஊர்ப் பொண்ணு எடுத்த படம்தானேம்மா? இதுல ஒரு மீன் காட்டுங்க பாக்கலாம். இப்ப வந்து பாத்தா, எங்களுக்காகப் பரப்பி வெச்சதுன்னு சொல்வாங்க."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா, நான் தலை குனிந்துகொண்டேன்.

பஸ் ஏறும்போது கன்னியம்மா அக்கா கேட்டாள்: "நீ பேசறதுக்கு உங்கக்காதான் எழுந்து வரணுமாடி?"

அறைக்கு வந்து அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எங்காவது உன் புடவை நுனி தெரிகிறதா என்றுதான் தேடினேன். இல்லை. மணல் மேல் வரிவரியாகத் துடைப்பக் கோடுகள் மட்டும், இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை. யாருக்கும் வேண்டாத மணலை யார் பெருக்குவார்கள்? இதைச் சொன்னால் கேட்பார்களா, சிரிப்பார்களா? தெரியவில்லை. கோடுகளைச் சான்றாக யார் ஏற்பார்கள்?

புதன்கிழமை கடைசிக் கூட்டம். எழுந்து நிற்பேன். என் அக்கா பெருக்கிய இடம் இது, அவளை நகரச் சொன்னது நான் என்று சொல்வேன். அதற்கு மேல் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை, அக்கா.

உன்னை நகரச் சொன்ன
உன் தங்கச்சி