தரையில்லாத கோளில் ஒரு பெஞ்சு

இன்று காலை பனியன் தேடியபோது உன் சிவப்புத் துண்டு கையில் அகப்பட்டது. உன் சம்சாரம் மேரி துவைத்துக் கொடுத்ததுதான். ஆனாலும் சூடான இரும்பும் வியர்வையும் கலந்த அந்த வாசனை போகவில்லை. மூக்கில் வைத்துக்கொண்டு நின்றேன். என் வீட்டுக்காரி பார்த்த பார்வை இருக்கிறதே, நீ இருந்திருந்தால் ஒரு வாரம் டீக்கடையில் அதையே சொல்லிச் சிரித்திருப்பாய்.

ஷிப்டு முடிந்ததும் ஊத்துக்கோட்டை பஸ்ஸின் ஜன்னல் வழியாக இந்தத் துண்டை வீசித்தான் எனக்கு இடம் பிடிப்பாய். என் தொப்பைக்கு ஒன்றரை இடம்.

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் உலைக்கு முன்னால் வெந்துவிட்டு, உப்பு மோர் குடிக்க வெளியே வந்த ஒரு நாள், செல்போனில் வந்த படத்தைக் காட்டிச் சொன்னேன். எங்கோ ஒரு விண்மீனை ஒட்டியே சுற்றும் பிரம்மாண்டமான வாயுக் கோள். ஒரு பக்கம் எப்போதும் பகல், மறுபக்கம் எப்போதும் இரவு. பகலில் இரும்பே ஆவியாகி, இரவுப் பக்கம் மழையாகக் கொட்டுமாம்.

"படம் போட்டுக்கிறானே, எவனாச்சும் போய்ப் பாத்தானா?"

"இல்ல மச்சான். கொஞ்சம் கணக்கு, மீதி கற்பனை."

"அப்ப நாம போட்டா இன்னா? சூட்டுல நமக்கு இன்னா கொறச்சல்?"

அன்றே விதியும் போட்டாய். ஒருவன் சொன்னதை மற்றவன் மறுக்கக்கூடாது, கூடச் சேர்க்கலாம். பகல் பக்கத்தில் நம் சூப்பர்வைசரைத் தொப்பியில்லாமல் நிறுத்தினாய். பகலும் இரவும் சந்திக்கும் அந்திக் கோட்டில் எனக்கு ஒரு டீக்கடை கொடுத்தாய், அடுப்புச் செலவில்லாமல். அங்கே தரையே கிடையாது என்றேன். மோர் புரையேறச் சிரித்தாய்.

"அப்ப பட்டா எவன் கையிலயும் இருக்காதுடா! எங்க நைனா அங்க பொறந்திருந்தா அடுத்தவன் கழனில குனிஞ்சிருக்க வேணாம்."

பிறகு உன் நுரையீரல் கெட்டது. இனி நாள் கணக்குதான் என்று டாக்டர் மேரியிடமும் என்னிடமும் சொன்னார். உன்னிடம் யாரும் சொல்லவில்லை. ஒரு மத்தியானம் அவள் கஞ்சி எடுக்க உள்ளே போனதும் என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"தரை இல்லன்னியே. விழுறவன் எங்கடா போய் நிப்பான்?"

நீ எதைக் கேட்கிறாய் என்று தெரிந்தது. வாயைத் திறந்தாலே நக்கல் வருகிற நான் அன்று நக்கல் இல்லாமல் சொன்னேன்.

"கீழ போகப் போகக் காத்து கெட்டியாய்க்கினே இருக்கும் மச்சான். ஒரு எடத்துல உன்னத் தாங்கிக்கும். அதுக்கு மேல விழ மாட்ட."

மறுக்கக்கூடாது என்பது நீ போட்ட விதி. கண்ணை மூடி யோசித்தாய்.

"சரி, இதையும் சேத்துக்கோ. அங்க மூச்சு வாங்காது."

சேர்த்துக்கொண்டேன். அதற்குள் மேரி கஞ்சியோடு வந்துவிட்டாள். அன்று நீ முழுக் கிண்ணமும் குடித்தாய்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை நீ போய்விட்டாய், அதோடு ஆட்டத்தில் நான் தனி. ஆனால் கோளை மூடிவிடவில்லை. உலைக் கதவு திறந்து முகத்தில் அனல் அடிக்கும்போதெல்லாம் அங்கே ஏதாவது ஒன்றைச் சேர்க்கிறேன். இன்று, டீக்கடை வாசலில் ஒரு பெஞ்சு. தரையில்லாமல் எப்படி நிற்கும் என்று கேட்காதே. உன்னைத் தாங்கியது அதையும் தாங்கும்.

ஒன்றுதான் சிக்கல். நீ முன்னாலேயே ஏறிவிட்டாய், துண்டு என்னிடம் இருக்கிறது. நான் வரும்வரை அந்தப் பெஞ்சில் காலை நீட்டியாவது படுத்து மறித்து வை மச்சான். ஒன்றரை இடம்.