பல் பட்ட எழுத்து

மயிலாப்பூர்,
4-3-1932

என் வீட்டுக்காரர் அவர்களுக்கு அங்காளம்மாள் நமஸ்காரம். இங்கே நான் சுகம். மதுரைச் சாப்பாடு உங்கள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா? ஒன்றரை வருஷமாக ஒரு கார்டுகூடப் போடாதவள் இப்போது எழுதுகிறேன் என்றால் காரணம் இருக்கிறது.

நேற்று தெற்கு மாடவீதிச் சுவரில் ஒரு நாடக நோட்டீஸ் பார்த்தேன். 'சனிக்கிழமை' என்று தடித்தடியாக, நீங்கள் அச்சாபீஸுக்குச் செதுக்கிக் கொடுத்த கட்டை எழுத்து. உங்கள் கட்டைகளைப் பார்த்தே எழுத்துப் படித்து, எல்லாவற்றையும் இடம்வலம் மாற்றி எழுதினவள் நான். உங்கள் உளி எங்கே தப்பும் என்று எனக்குத் தெரியாதா? அதில் 'ழ'வில் மட்டும் கறுப்புக்குள் மை படாமல் வரிசையாக மூன்று வெள்ளைப் புள்ளி. நம் வசந்தி பல் முளைக்கும்போது கடித்தாளே, அந்தப் பலாக் கட்டை. பசை காய்வதற்குள் நோட்டீஸை உரித்து எடுத்து வந்துவிட்டேன்.

குழந்தை போன நாளிலிருந்து அதைத்தான் தேடினேன். உங்களைக் கேட்டால் தெரியாது என்றீர்கள். பக்கத்து வீட்டு ஜானு அடுப்பில் வைத்துவிட்டாள் என்று சண்டை போட்டு இன்றுவரை பேச்சில்லை. உங்களையும் சும்மா விட்டேனா? கேட்டுக் கேட்டு மதுரைக்கே விரட்டினேன். அது நம் தெரு அச்சாபீஸிலேயே இருந்திருக்கிறது. திட்டினதற்கு என்னை மன்னிக்க வேண்டும்.

முதலாளிக்கு எழுதி அதை வாங்கித் தாருங்கள். அறுபத்து மூவர் திருவிழாவுக்கு நீங்களே வந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
அங்காளம்மாள்

மதுரை,
9-3-1932

சௌபாக்கியவதி அங்காளம்மாளுக்கு சுப்பராயன் ஆசீர்வாதம்.

நீ மன்னிப்புக் கேட்டு எழுதாமலிருந்தால் நான் இன்னும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

அது குழந்தை கடித்த கட்டை இல்லை. கிருஷ்ணாம்பேட்டை மயானத்தில் அவளைக் குழியில் இறக்கும்போது அவள் கை வெறுமையாக இருந்தது. 'ழ'வின் வாலைப் பிடித்துக்கொண்டுதானே தூங்குவாள். கட்டை என் மடியில் இருந்தது, அவள் கையில் வைத்துவிட்டேன். பெண்பிள்ளைகள் அங்கே வருகிற வழக்கமில்லை, நீ பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கட்டை எங்கே என்றாய். மண்ணுக்குள் என்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அச்சாபீஸுக்கு வேறு 'ழ' வேண்டியிருந்தது. செதுக்கி முடித்து, உளி நுனியால் அந்த மூன்று பள்ளத்தையும் வைத்தேன். "இன்னா சுப்பராயா, புது எய்த்துல அதுக்குள்ள பூச்சி அரிச்சி கீது?" என்று கேட்டார் முதலாளி. ஆமாம் என்றேன்.

இதைப் படித்த பிறகும் வரச் சொன்னால் வருகிறேன்.

சுப்பராயன்

மயிலாப்பூர்,
16-3-1932

என் வீட்டுக்காரர் அவர்களுக்கு,

நாலு நாள் சோறு இறங்கவில்லை. உங்கள்மேல் அவ்வளவு கோபம். பிறகு ஜானு வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். "போவட்டும் வுடு, கொயந்த கையிலதானே கீது" என்றாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

ஒன்று உங்களுக்குத் தெரியாது. அவளுக்குப் பல் மூன்று இல்லை, நாலு. காய்ச்சல் கண்ட அன்று காலையில்தான் நாலாவது தெரிந்தது. அதை வைத்தும் கட்டையைக் கடித்தாள். பார்த்துவிட்டுப் போங்கள் என்றேன். நோட்டீஸ் வேலை அவசரம், சாயங்காலம் பார்க்கிறேன் என்று போனீர்கள். சாயங்காலம் அவள் கண்ணே திறக்கவில்லை, பல்லைப் பற்றி யார் பேசினார்கள்? நோட்டீஸில் மூன்று புள்ளியைப் பார்த்தபோது, ஒன்றை மை அடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அச்சாபீஸில் கேட்டு, நீங்கள் செதுக்கின கட்டையை வாங்கி வைத்திருக்கிறேன். புறப்பட்டு வாருங்கள். வழக்கம் என்னவாக இருந்தாலும் சரி, கிருஷ்ணாம்பேட்டையில் அந்த இடத்தை எனக்குக் காட்ட வேண்டும். கட்டையில் நாலாவது பல் பட்ட இடம் எது என்று நான் காட்டுகிறேன். உளி எடுத்து வாருங்கள்.

அங்காளம்மாள்