ஐந்து வீட்டு லயத்தின் எண்கள்

நேற்று பூண்டுலோயாவில் பஸ்ஸை விட்டிறங்கி மேலே ஏறும்போது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான நம் லயம் தெரிந்தது. ஐந்து வீடுகளில் இரு கோடியிலும் உள்ள வீடுகளின் கதவுகள் மட்டும் திறந்திருந்தன. பதினேழு என்று வாய் தானாகச் சொன்னது. நீ கண்ணை மூடி நான்கு மாதம் ஆகிறது. இருந்திருந்தால் என்னை முந்திக்கொண்டு சொல்லியிருப்பாய், எனக்கும் எரிச்சல் வந்திருக்கும்.

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கையில், ஒன்றும் சைபரும் மட்டுமே கொண்ட துவித எண்களைப் படித்த வாரமே இதைத் தொடங்கினாய். திறந்த கதவு ஒன்று, மூடியது சைபர். வலது கோடி வீட்டுக்கு மதிப்பு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, பிறகு நான்கு, எட்டு, பதினாறு. திறந்த வீடுகளைக் கூட்டினால் அன்றைய எண். "இன்னைக்கு நம்ம லயம் இருபத்தஞ்சுடீ" என்பாய். உனக்குக் கிறுக்கு முற்றிவிட்டது என்று நான் எல்லாரிடமும் சொன்னேன்.

அதோடு விட்டாயா? சைபரிலிருந்து ஒவ்வோர் எண்ணுக்கும் எத்தனை கதவு திறந்திருக்கும் என்று கொப்பியில் வரிசையாக எழுதினாய்: 0, 1, 1, 2, 1, 2, 2, 3.

தொண்ணூறுகளின் கடைசியில் நம் தோட்டப் பள்ளிக்கூடத்துக்குக் கணித ஆசிரியர் இடம் ஒன்றே ஒன்று வந்தது. விண்ணப்பித்தவர்கள் நாம் இருவர். எனக்குப் பரீட்சைப் பெறுபேறு நல்லது, கிடைக்காவிட்டாலும் ஹட்டனில் மாமாவின் கடை இருந்தது. உனக்குக் கிடைக்காவிட்டால் மறுபடியும் தேயிலைக் கொழுந்து பறிப்புதான். நேர்முகத்துக்குப் போகும் பஸ்ஸில் வைத்து, "அந்தக் கதவுக் கதைய அங்க எடுக்காத புள்ள, சிரிப்பாங்க" என்றேன். உன் நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். அதில் பாதிதான் உண்மை.

நுவரெலியாவில் நம் இருவரையும் ஒரே அறையில் இருத்தி, விரும்பியதைக் கற்பிக்கச் சொன்னார்கள். நான் பின்னங்களை அழகாக நடத்தினேன். நீ கரும்பலகையில் லயத்தை வரைந்தாய்! பதினைந்து வரை வரிசையையும் எழுதினாய்.

யாழ்ப்பாணத்து அதிகாரி கண்ணாடியை இறக்கினார். "உது எந்தப் புத்தகத்திலை இருக்கு, பிள்ளை?"

"எங்க லயத்துல இருக்குங்க, சேர்."

"அப்ப பதினாறிலையிருந்து முப்பத்தொண்டு வரைக்கும் எழுதும், பாப்பம்."

அவரும் பென்சிலை எடுத்தார். நீ கணக்கே போடவில்லை. முதலில் எழுதிய பதினாறையும், ஒவ்வொன்றிலும் ஒன்று கூட்டி, அப்படியே மறுபடி எழுதினாய். "இடது கோடி வீடு இப்ப திறந்திருச்சுங்க. மத்த நாலு வீடும் பழையபடிதான்."

அவர் வெகுநேரம் கழித்துத்தான் முடித்தார். "இருபத்தேழுக்கு மூண்டெல்லோ? நீர் நாலெண்டு எழுதியிருக்கிறீர்."

நீ பிழைவிட்டிருந்தால் அந்த வேலை எனக்கு. ஆனால் நாலாகவே இருக்கட்டும் என்று நான் சாமியை வேண்டிக்கொண்டிருந்தேன். இன்றுவரை அது எனக்கு ஆச்சரியம்தான்.

நீ அழிக்கவில்லை. "இருபத்தேழுல ஒரே ஒரு கதவுதாங்க மூடியிருக்கு. நீங்களே எண்ணிப் பாருங்க, சேர்."

அவர் எண்ணினார். பிறகு தன் தாளிலிருந்த மூன்றை வெட்டி நான்கு என்று எழுதினார். வேலை உனக்குக் கிடைத்தது.

திரும்பும் வழியில் அழுதேன், பஸ் புகை என்று சொல்லிச் சமாளித்தேன். நீ நம்பியது மாதிரி இருந்தாய். அதற்கும் சேர்த்துத்தான் உன்னைப் பிடிக்கும்.

எனக்குப் பிறகு கந்தப்பளையில் வேலை கிடைத்தது. இன்றும் யாராவது, "டீச்சர், மொத நேர்முகத்துல தோத்துட்டீங்களாமே?" என்று கேட்டால் எனக்கு வெட்கமே வருவதில்லை. அவர்களை உட்காரவைத்து, முப்பத்திரண்டு எண்களையும் ஒன்றுவிடாமல் எழுதிக் காட்டுகிறேன். நான் யாரிடம் தோற்றேன் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா?