பதினொன்று நாற்பத்தேழுக்குத் தேறிய ஆறு சோதனைகள்

அனுப்புநர்
ப. உத்தமன்,
தர ஆய்வாளர் (ஓய்வு), பாதுகாப்புத் தொழிற்சாலை,
மூன்றாம் தளம், ஏரிக்கரை அடுக்ககம்,
அயனம்பாக்கம், சென்னை.

பெறுநர்
உயர்திரு குறைதீர் அலுவலர் அவர்கள்,
தொலைத்தொடர்பு நுகர்வோர் பிரிவு,
சென்னை.

பொருள்: இரண்டு செல்போன் நிறுவனங்களின் கணினிகளுக்கிடையே ஆர்டர் அனுப்பும் புதிய இணைப்பு முழுமையாகச் சோதிக்கப்படாமல் நடைமுறைக்கு வந்தது – நான் ரத்து செய்த ஆர்டர் ரத்தாகாமல் இரு எண்கள் முடங்கியது – அதனால் என் மனைவிக்கு நேர்ந்த இழப்பு – விசாரணை கோருதல் தொடர்பாக.

பார்வை: எட்டுத்திக்கு நெட்வொர்க்ஸ் நிறுவனத்தின் 22.08.2025 நாளிட்ட பதில் கடிதமும் அதன் இணைப்பும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கீழ்க்கண்டவற்றைத் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவருகிறேன்.

1. ஆவடியில் முப்பத்தொரு ஆண்டுகள் தர ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். தொழிற்சாலைக் குடியிருப்பைக் காலி செய்துவிட்டு, சென்ற ஆண்டு முதல் மேற்கண்ட முகவரியில் மனைவி வனஜாவுடன் வசித்து வருகிறேன். எதையும் கையில் எடுத்து அளந்து பார்க்காமல் நம்பாதது என் தொழில். பால் பாக்கெட்டைக்கூடத் தேதி பார்த்துத்தான் பையில் போடுவேன். எனவே இம்மனுவில் சந்தேகம் சற்றுத் தூக்கலாகத் தெரிந்தால் பொறுத்தருள வேண்டும்.

2. என் மனைவிக்கு இரு சிறுநீரகங்களும் செயலிழந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் டயாலிசிஸ். மாற்றுச் சிறுநீரகத்திற்கான காத்திருப்புப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. சிறுநீரகம் கிடைத்தால் மருத்துவமனையிலிருந்து போன் வரும். உடனே கிளம்பிப் போக வேண்டும். போன் எடுக்காவிட்டால் அடுத்தவரை அழைத்துவிடுவார்கள். படிவத்தில் இரண்டு எண்களுக்குத்தான் இடம் இருந்தது. என் எண்ணையும் மனைவியின் எண்ணையும் எழுதிக் கொடுத்தேன். இரண்டும் நீலவரி டெலிகாம் நிறுவனத்தின் ஒரே குடும்பத் திட்டத்தில் இருப்பவை. இரண்டு முட்டையையும் ஒரே கூடையில் வைத்தது என் தவறுதான். அதை மறைக்கவில்லை.

3. இந்த அடுக்ககத்தில் படுக்கையறைக்குள் நீலவரியின் சிக்னல் சரியாக வருவதில்லை. அந்த ஒரு அழைப்பு தவறிவிடக் கூடாதே என்ற பயத்தில்தான் வேறு நிறுவனத்திற்கு மாற நினைத்தேன். 23.07.2025 புதன்கிழமை மதியம், டயாலிசிஸ் முடிந்து திரும்பும் வழியில், மனைவி ஆட்டோவில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தபோது, திருவேற்காடு சாலையோரம் குடை விரித்து உட்கார்ந்திருந்த முகவர் திரு. வேம்புலி மூலம், எண்கள் மாறாமல் எட்டுத்திக்கு நெட்வொர்க்ஸுக்கு மாற விண்ணப்பித்தேன்.

4. வீட்டிற்கு வந்து சொன்னதும் மனைவி கோபித்துக்கொண்டார். "மாத்துற நேரத்துல கூப்பிட்டா என்னங்க பண்ணுவீங்க? இருக்குற நம்பர்ல கை வைக்காதீங்க" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அன்று மாலை ஐந்தரை மணிக்கே திரும்பிப் போய், விண்ணப்பத்தை ரத்து செய்தேன். எட்டுத்திக்கின் கணினியில் 'ரத்து' என்று வந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஒப்புகைச் சீட்டையும் வாங்கினேன் (இணைப்பு 1). எனக்கு மனம் ஆறவில்லை. இரண்டு முறை கேட்டேன். "இன்னா சார், கேன்சல் ஆயிடுச்சுன்னு ஸ்க்ரீன்லயே கீது. இன்னும் இன்னா டவுட்டு? நிம்மதியா ஊட்டுக்குப் போ" என்றார் திரு. வேம்புலி. நானும் வந்துவிட்டேன்.

5. 26.07.2025 சனிக்கிழமை காலை 6.40 மணிக்கு இரண்டு போன்களும் ஒரே நேரத்தில் அடங்கின. முதலில் சிக்னல் கோளாறு என்றே நினைத்தேன். சிம்மைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். ஏரிக்கரை வரை நடந்துபோய் போனை உயர்த்திப் பிடித்துப் பார்த்தேன். ஒன்பதரைக்குத் திரு. வேம்புலியிடம் போனேன். நீலவரிக்குப் போன் செய்து கேட்டவர், "அவுங்க உன்னை எங்களாண்ட தள்ளி வுட்டாங்களாம், எங்க கம்ப்யூட்டர்ல நீ வரவே இல்ல நைனா" என்று கையை விரித்தார். அதாவது என் ஆர்டர் நீலவரியைச் சென்றடைந்திருக்கிறது, நான் ரத்து செய்தது சென்றடையவில்லை. நீலவரி என்னை வழியனுப்பி வைத்துவிட்டது. எட்டுத்திக்கு என்னை வரவேற்கவில்லை. என் எண்கள் இரண்டும் யாருடையதும் அல்லாமல் நடுவில் நின்றன.

6. பகல் 12.10 மணிக்குக் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் திரு. முகமது இஸ்மாயில் அவர்களின் போனை வாங்கி, மருத்துவமனை வரவேற்பறையை அழைத்து அவர் எண்ணைப் பதிவு செய்தேன். இதைக் காலை ஏழு மணிக்கே செய்திருக்க வேண்டும். செய்யவில்லை.

7. 28.07.2025 திங்களன்று டயாலிசிஸுக்குப் போனபோது, ஒருங்கிணைப்பாளர் திருமதி ராதிகா எங்களைத் தனியே அழைத்தார். "சனிக்கிழமை பத்து இருபதுக்கு ரெண்டு நம்பருக்கும் போட்டோம் சார். மூணு மூணு தடவை. உபயோகத்துல இல்லைன்னே வந்துது. அடுத்தவங்களைக் கூப்பிட்டுட்டோம்" என்றார். அவர் சொன்னதையும் நான் நம்பவில்லை. அழைப்புப் பதிவைக் காட்டச் சொன்னேன். முகம் சுளிக்காமல் காட்டினார். ஆறு அழைப்புகள் இருந்தன. அவர் மீது எந்தக் குற்றமும் இல்லை. என் மனைவி வழக்கமான படுக்கைக்குப் போய்க் கையை நீட்டிப் படுத்தார். நான் வராந்தாவிலேயே நின்றுவிட்டேன்.

8. எண்கள் பத்தாம் நாள், 04.08.2025 அன்று உயிர் பெற்றன. நீலவரியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது: 'தங்கள் புகார் தங்களுக்கு மனநிறைவு அளிக்கும் வகையில் முடித்து வைக்கப்பட்டது.' யாருக்கு மனநிறைவு என்று எழுதிக் கேட்டேன். இன்றுவரை பதில் இல்லை.

9. எட்டுத்திக்கு மட்டும் பதில் போட்டது (பார்வையில் கண்ட கடிதம்). இரு நிறுவனங்களின் கணினிகளும் வாடிக்கையாளர் ஆர்டர்களைத் தங்களுக்குள் நேரடியாகப் பரிமாறிக்கொள்ளும் இணைப்பு 16.07.2025 அன்று நடைமுறைக்கு வந்ததாம். அன்று வரையிலான மூன்று நாளில், இரு தரப்பும் சேர்ந்து நாற்பத்தாறு சோதனைகள் நடத்தி, நாற்பத்தாறும் தேறினவாம். ஆகவே கோளாறுக்கு வாய்ப்பே இல்லையாம். என் வாயை அடைக்கச் சோதனை நிறைவுச் சான்றின் நகலையும் வைத்திருந்தார்கள் (இணைப்பு 2). ஆய்வாளனாக இருந்தவனுக்கு ஆய்வுத் தாளை அனுப்பலாமா? அங்கேதான் அவர்கள் பிசகினார்கள்.

10. அந்தத் தாளை நான்கு நாள் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். என் சந்தேகங்கள் பின்வருமாறு:

(அ) முதல் நாற்பது சோதனைகளும் ஒவ்வொன்றும் ஒன்பது முதல் பதினான்கு நிமிடம் எடுத்திருக்கின்றன. 41 முதல் 46 வரையிலான ஆறும் 11.47 என்ற ஒரே நிமிடத்தில் தேறியிருக்கின்றன. ஆறும் ரத்து ஆர்டர் பற்றியவை.

(ஆ) 11.50க்கு இணைப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. அன்று புதன்கிழமை. பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் தொடங்கும். மறுநாள் ஆடி பிறப்பு.

(இ) அன்று காலை 9.32க்கும் 10.36க்கும் இடையே எந்தச் சோதனையும் நடக்கவில்லை. ஒரு மணி நேரத்திற்கும் மேல் என்ன செய்தார்கள்? எதையாவது அழித்தார்களா, திருத்தினார்களா?

(ஈ) சோதனையாளர் கையொப்பம் ஒரு கிறுக்கல். பெயர் இல்லை. பெயர் எழுதாதவர் எதற்கோ பயந்திருக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டேன்.

11. தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். விசாரித்தேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாயிற்று.

12. என் ஒரே மகள் கார்த்திகா, காட்டுப்பாக்கத்தில் கணவருடன் வசிக்கிறாள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. 'டெஸ்டிங்' என்று சொல்வாள். எதை என்று நான் கேட்டதில்லை. 31.08.2025 ஞாயிறன்று சாப்பிட வந்தவளிடம் மேற்படி தாளைக் காட்டி, இந்தக் கிறுக்கலைப் போட்ட மகாபாவி யார் என்று கண்டுபிடிக்க வழி உண்டா என்று கேட்டேன். அவள் கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். "அது என் கையெழுத்துப்பா" என்றாள்.

13. அவள் கூறியவற்றைச் சுருக்கித் தருகிறேன். இரு நிறுவனங்களுக்கும் பொதுவாகச் சோதனை நடத்தும் பொறுப்பு அவள் நிறுவனத்திடம் இருந்தது. ரத்து ஆர்டர்தான் சிக்கலானது என்பதால் அந்த ஆறையும் அவள் முதலில் வைத்திருந்தாள். பூசை போட்டுத் தொடங்கும் புது வேலையில் முதல் ஆர்டரே ரத்தாக இருப்பது அபசகுனம் என்று, திட்ட மேலாளர் திரு. கோகுல்நாத் அவற்றைக் கடைசிக்குத் தள்ளினார். மூன்றாம் நாள் காலை மறுபடி ஒரு பூசை. கணினிகளுக்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் ஏற்றியிருக்கிறார்கள். புகைக்குத் தீ எச்சரிக்கை மணி அடித்து, கட்டடத்திலிருந்த அத்தனை பேரையும் கீழே இறக்கி, மேலே விட ஒரு மணி நேரம் ஆகியிருக்கிறது. நான் சதி என்று நினைத்த ஒரு மணி நேரம் கற்பூரப் புகை. அந்த ஆறு சோதனைகளுக்கும் தேவைப்பட்டதும் ஏறக்குறைய அதே ஒரு மணி நேரம்தான்.

14. ராகு காலம் நெருங்கியதும் திரு. கோகுல்நாத் அவளிடம், "ஆர்டர் போகுதுன்னா கேன்சலும் போகும், எல்லாம் ஒரே பைப்புதானே? பாஸ் போட்டுடு. சாயங்காலம் ஓட்டிக்கலாம்" என்றிருக்கிறார். அவளும் போட்டுவிட்டாள். சாயங்காலம் கேசரி கொடுத்தார்கள், சோதனையை யாரும் ஓட்டவில்லை. இரு நிறுவனங்களின் அதிகாரிகளும் அதே தாளில் மேலொப்பம் இட்டிருக்கிறார்கள். 11.47 ஆறு முறை வரிசையாக இருந்தது அவர்கள் யார் கண்ணையும் உறுத்தவில்லை.

15. நல்ல நேரம் பார்ப்பதை நான் குறை கூறவில்லை. இந்த வீட்டிற்கு நாங்கள் குடிவந்ததும் நாள் பார்த்துத்தான். அந்தப் புதன்கிழமை நான் விண்ணப்பித்ததே ராகு காலம் கழியட்டும் என்று ஒன்றரை மணிவரை ஆட்டோவில் காத்திருந்துதான். நேரம் பார்த்துக் காரியம் செய்யலாம். நேரம் ஆகிவிட்டது என்று செய்யாத காரியத்தைச் செய்ததாக எழுதலாகாது.

16. மகளிடம் நான் பேசிய வார்த்தைகள் இம்மனுவில் எழுதத் தக்கவை அல்ல. "முப்பத்தொரு வருஷத்துல நீங்க ஒரு தடவைகூடப் பார்க்காம முத்திரை போட்டதே இல்லையாப்பா?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். அதற்கான பதில் இம்மனுவுக்கு அவசியமில்லை. அம்மாவிடம் போய் அவளே எல்லாவற்றையும் சொன்னாள். என் மனைவி அவள் தட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்து, "முதல்ல சாப்பிடு" என்றார். என் மனைவிக்கு இருக்கும் மனம் எனக்கு இல்லை.

17. மறுநாளே கார்த்திகா நடந்ததைத் தன் நிறுவனத்திற்கு எழுத்து மூலம் தெரிவித்தாள் (இணைப்பு 3). 02.09.2025 முதல் அலுவலகத்திற்கு வர வேண்டாம் என்று பதில் வந்தது. இணைப்பை நிறுத்தியதாகவோ, விடுபட்ட ஆறு சோதனைகளையும் நடத்தியதாகவோ ஒரு வரிகூட அதில் இல்லை. பெண் ஒருத்தி தவறு செய்துவிட்டாள், அவளை அனுப்பிவிட்டோம் என்று கோப்பை மூடிவிடுவார்களோ என்பதே என் இப்போதைய சந்தேகம். இது வீண் சந்தேகமாக இருந்தால் என்னைவிட மகிழ்ச்சி அடைபவர் எவருமில்லை.

18. எனவே தங்களை நான் கேட்டுக்கொள்வது:

(அ) 41 முதல் 46 வரையிலான சோதனைகளைத் தங்கள் அலுவலர் முன்னிலையில் நிமிடக் கணக்குடன் நடத்த ஆணையிட வேண்டும். அதுவரை அந்த இணைப்பு வழியாக எவருடைய எண்ணையும் மாற்றக் கூடாது. நான் ரத்து செய்ததைப்போல இன்று யாராவது ரத்து செய்திருக்கக் கூடும். அவர் எதற்காகப் போனைக் கையில் வைத்துக் காத்திருக்கிறாரோ நமக்குத் தெரியாது.

(ஆ) தாளில் கையெழுத்திட்ட அனைவரையும், போடச் சொன்னவரையும் விசாரிக்க வேண்டும். என் மகளை விட்டுவிடும்படி நான் கேட்கவில்லை. அவளை மட்டும் பிடித்துக்கொள்ளாதீர்கள் என்று கேட்கிறேன்.

19. சோதனை நடத்த நடப்பில் உள்ள ஒரு எண் வேண்டும் என்று அறிகிறேன். புகார் கொடுத்தவன் என்ற முறையில் என் எண்ணைத் தருவதே முறை. ஆனால் என் மனைவியின் பெயர் இன்னும் பட்டியலில் இருக்கிறது. ஐந்து நிமிடத்திற்குக்கூட இந்த எண்ணை விட்டுக்கொடுக்க எனக்குத் துணிவில்லை. மன்னிக்க வேண்டும். கார்த்திகா தன் எண்ணைத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மேற்கண்டவை யாவும் நான் நேரில் பார்த்தும், கேட்டும், தாளில் சரிபார்த்தும் எழுதியவை. சோதனை நடக்கும் நாளைத் தெரிவித்தால் நானும் வந்து ஓரமாக நின்று பார்த்துக்கொள்வேன். தொந்தரவு தர மாட்டேன்.

இடம்: அயனம்பாக்கம்
நாள்: 08.09.2025

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
ப. உத்தமன்

மேற்படி மனுவின் 12 முதல் 14 வரையிலான பத்திகளுக்குச் சாட்சியாக, சோதனையாளர் கைப்பட எழுதியது:

சோதனை 41 – நடத்தப்படவில்லை.
சோதனை 42 – நடத்தப்படவில்லை.
சோதனை 43 – நடத்தப்படவில்லை.
சோதனை 44 – நடத்தப்படவில்லை.
சோதனை 45 – நடத்தப்படவில்லை.
சோதனை 46 – நடத்தப்படவில்லை.

(ஒப்பம்)
உ. கார்த்திகா
(பெயர் தெளிவாக எழுதப்பட்டுள்ளது.)