ஊசிக்கு முன்னால் டாக்டர் கேட்ட கேள்வி

காக்ஸ் டவுன் முனையில் இன்று தூறலில் நனைந்த ஒரு ஜட்காக் குதிரை என்னை உரசிக்கொண்டு போனது. அந்த ஈர வாடை மூக்கில் ஏறியதும் என் கை தானாகப் பக்கத்தில் நீண்டது, உன்னை அப்பால் தள்ளிவிட. நீ இல்லை. நீ போய் இருபது நாள் ஆகிறது.

ஜீவனஹள்ளியிலிருந்து கன்டோன்மென்ட் வரை என் ஜட்காவை அறியாதவர் கிடையாது. என் குதிரை மகாராஜா லாயத்தில் பிறந்தது என்று சொல்லிவந்தேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மையாகிவிட்டது. இவ்வளவு பெரிய வண்டிக்காரனின் சிநேகிதன் நீ, ஒரு நாளும் என் வண்டியில் ஏறியதில்லை. இருபதடி முன்னால் நடந்து போவாய். குதிரை அருகில் வந்தாலே உன் மூச்சு சீழ்க்கையடிக்கும், கண் சிவக்கும். கேட்டவர்களிடம், “வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகிட்டான், வண்டி ஏறமாட்டான்” என்று அளந்துவிடுவேன். நீயும் ஆமாம் போடுவாய்.

ஒரு மழைக்காலத்தில் என் லாயத்துக் கதவு பெயர்ந்தது. தச்சன் நீயிருக்க வேறொருவனைக் கூப்பிடுவேனா? குதிரையை வெளியே கட்டினேன். நீ முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தாய். வேலை முடியும் நேரத்தில் குதிரை லத்திக்குள் கிடந்த துருப்பிடித்த ஆணி உன் பாதத்தில் ஏறியது.

தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன் என்றுதான் ஊருக்குச் சொன்னேன். உண்மையில் நீ நொண்டிக்கொண்டு நடந்தாய்; நான் பேசிக்கொண்டே பின்னால் வந்தேன்.

டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே, “மூச்சு இழுப்பு உண்டா? குதிரை பக்கத்துல போனா ஏதாவது பண்ணுமா?” என்று உன்னைக் கேட்டார். இரண்டு நர்சம்மா, காத்திருந்தவர்கள் பத்துப் பேர், எல்லோரும் நம்மையே பார்த்தார்கள். என் வாய் சும்மா இருக்குமா?

“இவனுக்கா? என் குதிரைய அடக்கினவனே இவந்தான் டாக்டர்!”

நீ வாயைத் திறந்தாய். என் முகத்தைப் பார்த்தாய். மூடிக்கொண்டாய்.

கொஞ்ச நேரத்தில் உன் உடம்பெல்லாம் தடித்தது. உதடு வீங்கியது. மூச்சு உள்ளே போகவில்லை. டாக்டர் ஓடிவந்து வேறொரு ஊசியைக் குத்தினார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன்.

உனக்கு மூச்சு திரும்பி, குதிரை ஆகாது என்று நீ சொன்னபிறகு டாக்டர் விளக்கினார். ஆணி குத்தியதற்குப் போடும் அந்த மருந்தைக் குதிரை ரத்தத்திலிருந்து எடுக்கிறார்களாம். உடம்புக்குள் ஒரு காவல் இருக்கிறதாம். அம்மை குத்துவதே அந்தக் காவலுக்கு எதிரியை முன்கூட்டியே அடையாளம் காட்டத்தானாம். சிலருக்கு அந்தக் காவலே தடுமாறிவிடும். பூவின் தூள் பட்டால் ஒருவனுக்குத் தும்மல், கருவாடு தின்றால் ஒருத்திக்குத் தடிப்பு, குதிரை வாடையில் உனக்கு இழுப்பு. வந்த விருந்தாளியைத் திருடன் என்று நினைத்து அது அடிக்கிற அடியில் வீடே இடிந்துபோகிறது என்றார். பிறகு குரலை உயர்த்தினார்.

“யாருய்யா ஒண்ணும் பண்ணாதுன்னு சொன்னது?”

“அவன் மேல தப்பில்ல டாக்டர். நாந்தான் அவங்கிட்டயே மறைச்சிட்டேன்” என்றாய், பாதி மூச்சில்.

அதற்குப் பிறகு பத்து வருஷம் இருந்தாய். தோளில் தூக்கிய கதையை நான் சொன்னபோதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாய். கடைசியில் உன்னைக் கொண்டுபோனது வேறு ஏதோ காய்ச்சல்.

நேற்று உன் மகளைப் பார்க்கப் போனேன். துக்கம் கேட்க வந்தவர்களிடம், “அப்பாவ அன்னைக்குத் தோள்ல தூக்கிட்டுப் போய்க் காப்பாத்தினது இந்த மாமாதான்” என்றாள். வீட்டிலும் நீ அப்படியே சொல்லிவைத்திருக்கிறாய்!

“இல்லம்மா. டாக்டர்கிட்ட பொய் சொல்லி உங்கப்பாவச் சாகக் கெடத்தினதே நாந்தான்.”

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். “பாத்தீங்களா? மாமாவுக்கு ஒரு தடவ சொன்ன கதைய மறு தடவ அப்படியே சொல்ல வராது” என்று உன் மகள் காபியை நீட்டினாள்.

வாங்கிக் குடித்தேன். அன்று உண்மையில் நடந்தது தெரிந்தவர்கள் நாம் இரண்டு பேர் இருந்தோம். இப்போது நான் ஒருவன். மன்னிப்புக் கேட்டிருந்தால், “போடா, வேற வேலையப் பாரு” என்று நீ மழுப்பியிருப்பாய். தெரியும். ஆனாலும் கேட்டிருக்கலாம். பத்து வருஷம் இவ்வளவு பேசினேன், அதை மட்டும் கேட்கவில்லை.