வாசலில் நிற்கிறவர்களுக்கு ஒரு நிழல்

திண்டுக்கல்,
மே 6.

அன்பு மகள் சகாயசெல்விக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை ஆண்டனிராஜும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் மாதா காவலில் சுகமாக இருக்க வேண்டும். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் நாலு நாளாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். வாட்ஸ்அப்பும் அப்படித்தான், என் போனை என்னைவிட அவர்தான் அதிகம் நோண்டுகிறார். அடுத்த வீட்டுப் பாத்திமாவின் மகன் ஜெரின் நாளைக்குச் சிங்கப்பூர் திரும்புகிறானாம், அவன் கையில்தான் இதைக் கொடுத்துவிடுகிறேன். தலைப்பிரசவத்துக்குப் பிள்ளை தாய்வீடு வருவதுதான் முறை, டாக்டர் உன்னைப் பறக்க வேண்டாம் என்றதால் தாய்வீடே கிளம்பி வருகிறது, அதில் எனக்குக் குறையில்லை. பிரசவ லேகியம் கிண்டியாயிற்று, பெட்டியை மூன்று தடவை கட்டிப் பிரித்துவிட்டேன். ரெட்டியார்சத்திரம் தோட்டத்தில் மல்லிகை சுமார்தான், வெயில் மொட்டுகளையெல்லாம் கருக்குகிறது. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, ஏசியிலேயே கிடக்காமல் சாயங்காலம் செத்த நேரம் நட.

இப்போது உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்கிறேன், பதறாதே. போன வருடம் இதே மே மாதம் உன்னை வழியனுப்ப விமான நிலையத்துக்கு வேன் பிடித்துப் பதினான்கு பேர் வந்தோமே, நீ கையைக் காட்டிவிட்டுக் கண்ணாடிக் கதவுக்குள் போய்விட்டாய், எங்களைத் துப்பாக்கி வைத்திருந்தவர் வாசலோடு நிறுத்திவிட்டார். அப்புறம் ஒரு விமானம் மேலே ஏறியது. நீதான் என்று பதினான்கு பேரும் ரோட்டோரம் நின்று கை வலிக்க டாடா காட்டினோம், சத்யபிரியா சித்தி அழுதே விட்டாள். வேனில் ஏறப் போகும்போது நீ போன் பண்ணினாய், விமானம் மூன்று மணி நேரம் லேட்டு, இன்னும் உள்ளேதான் இருக்கிறேன் என்று. நாங்கள் டாடா காட்டியது ஹைதராபாத் போகிற விமானத்துக்காம்! நீ வருத்தப்படுவாயே என்று வாடிப்பட்டி தாண்டிவிட்டோம் என்று சொன்னேன், அது பொய். பிள்ளய ஏத்திவிட்டுட்டு விமானம் கெளம்பாம வீடு திரும்புறவன் மனுசனாடி என்று உன் அப்பா அசைய மாட்டேன் என்றுவிட்டார். உச்சி வெயிலில் மூன்று மணி நேரம் நின்றார். கடைசியில் உன் விமானம் எழும்பியது, கையைத் தூக்கினார், தூக்கியபடியே சரிந்தார். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தோம். மகளிடம் மூச்சுவிடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து பிரஷர் மாத்திரை, வெயிலில் நிற்கவே கூடாது என்பது டாக்டர் உத்தரவு.

எனக்கு ஆத்திரம் என்னவென்றால், நீ விமான நிலையத்துக்கே பிளான் போடுகிற பிள்ளை. ஏதோ தீவுக்குக் கட்டப்போகும் கட்டடம் என்று வீடியோவில் படம் காட்டினாயே, அழகுதான், உள்ளே மரம்கூட இருக்கிறது. அதில் குட்டிக் குட்டி மனிதர்களை வரைந்திருந்தாய். எல்லாரும் பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே போகிறார்கள், வாசலில் ஒரு ஆள் இல்லை. ஏலே, வழியனுப்ப வருகிறவர்கள் எங்கே? தீவுக்காரர்களுக்கும் தாய் தகப்பன் இருப்பார்கள்தானே. உள்ளே நீங்கள் சால்வை போர்த்திக்கொண்டு நடுங்குகிறீர்கள், வெளியே கண்ணாடியில் பட்ட வெயில் திரும்பி எங்கள் முகத்தில் அடிக்கிறது. அன்றைக்கு நாங்கள் நின்ற வாசலில் கூரை இருந்தது, யார் இல்லை என்றது, தென்னை மர உயரத்தில் கொஞ்சூண்டு நீட்டி வைத்தால் நிழல் எங்கள்மேலா விழும், பக்கத்துக் கார்மேல் விழுந்தது. இருந்த காற்றையும் ஒரு பெரிய விளம்பரப் பலகை மறைத்துக்கொண்டது. உட்கார ஒரு திண்டு இல்லை, தண்ணீர்க் குழாய் இல்லை. நம் கோவில் மண்டபத்தைப் பார், எதிரெதிர்க் கதவைத் திறந்துவிட்டால் இந்த மே மாதத்திலும் ஜனம் பூசை முடியும்வரை உட்கார்ந்திருக்கிறது. நான் படிக்காதவள், தப்பாக இருந்தால் மன்னித்துக்கொள். ஆனால் தாழ்வாக, அகலமாக ஒரு தாழ்வாரம் இறக்கி, காற்று குறுக்கே போக வழிவிட்டு, நாலு பெஞ்சு போடு. உன் படத்தில் வாசலில் பதினான்கு பேரை வரைந்து வை.

இப்போது என் விஷயம். பதினான்காம் தேதி எனக்கு மத்தியானம் இரண்டு மணி விமானம். நீங்க வர வேண்டாம், வீட்டு வாசலோட நின்னுக்கிருங்க என்று கெஞ்சிப் பார்த்தேன், சண்டை போட்டேன், ஒரு நாள் சமைக்காமலும் இருந்தேன். நீ தனியாப் போறவ, ஒன் விமானம் மேல ஏறுறதப் பாக்காம நான் வேன்ல ஏற மாட்டேன் என்கிறார். வெள்ளைச் சட்டையைத் தேய்த்து ஆணியில் மாட்டிவிட்டார். உன் தாழ்வாரம் எழும்புவது எப்போதோ, பதினான்காம் தேதி அடுத்த வாரமே வருகிறது. அதனால் நான் யோசித்து வைத்திருப்பது இதுதான். அதே விமானத்தில் அவருக்கும் ஒரு டிக்கெட் போடு. பாஸ்போர்ட்டும் விசாவும் இருவருக்கும் சேர்த்துத்தானே எடுத்தோம். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சச் சோலைமுத்துவிடம் சொல்லிவிட்டேன். நான் கேட்டதாகக் காட்டிக்கொள்ளாதே, உனக்கே தோன்றியதுபோல அப்பா நீங்களும் வாங்க என்று ஒரு வார்த்தை சொல், நீ சொன்னால் தட்ட மாட்டார். விமானம் மேலே ஏறுவதை இந்தத் தடவை என் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

ஆண்டவர் உன்னையும் பிள்ளையையும் ஒரு குறையும் இல்லாமல் இரண்டாகப் பிரித்துத் தரட்டும். இரும்பு மாத்திரையை விடாதே. படித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு, அவரும் வருகிறார் அல்லவா, உன் வீட்டில் கண்ணில் பட்டுவிடும்.

அன்பு முத்தங்களுடன்,
உன் அம்மா
ரா. ஆரோக்கியம்மாள்