தட்டின் மேல் வைத்த கை

20 செப்டம்பர் 2025, சனி. ஸ்ட்ரெதம், லண்டன்

"சேர், வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டு ஏன் சாப்பிடுறீங்கள்?"

இரண்டு வருடங்களுக்கு முன்னர், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் பரிசளிப்பு விழாவில் லக்‌ஷிகா என்ற பிள்ளை என்னிடம் கேட்டது. ஒன்பது வயது. அவள் கண்டது உண்மைதான். வடை கொண்டுவந்தவர்களைக் கண்டதும் உள்ளங்கையால் தட்டை மூடி, "வேண்டாம், வேண்டாம்" என்றேன். "ஒண்டு எடுங்கோ சேர்" என்றார்கள். கையைக் கொஞ்சம் விலக்கினேன். வடை விழுந்தது. சாப்பிட்டேன்.

முப்பத்துநான்கு வருடம் கணக்குப் படிப்பித்தவன், இப்போதும் சனிக்கிழமைகளில் அந்தப் பள்ளியில் படிப்பிக்கிறவன். கேள்வி கேட்ட பிள்ளையைப் பதில் இல்லாமல் அனுப்பியதில்லை. அன்றைக்கு மட்டும் சிரித்துச் சமாளித்தேன்.

இன்று அந்தக் கேள்வி ஏன் நினைவுக்கு வந்தது? மகள் ஆரணி வந்துவிட்டுப் போனாள். அவளும் அவள் கட்டப்போகிற மத்தேயோவும் லண்டனின் மறுபக்கத்தில், இல்ஃபோர்ட்டில் வீடு வாங்கியிருக்கிறார்கள். கீழ்த்தளத்தில் எனக்கு ஒரு அறை. எனக்கு முழங்கால் சரியில்லை. நான் இருப்பது மூன்றாம் மாடி, லிப்ட் இல்லை. அவள் சொல்வதில் பிழை ஒன்றும் இல்லை.

தங்களோடு வந்து இருக்கச் சொல்லி மார்ச்சில் முதல் தரம் கேட்டாள். "உங்கட விருப்பம் பிள்ளை" என்றேன். ஜூனில், "கட்டாயம் இல்லை அப்பா, விருப்பமெண்டா மட்டும்" என்றாள். "எனக்கென்ன, எங்க இருந்தாலும் சரி" என்றேன். இன்று படிவத்தோடு வந்தாள். இந்த வீட்டை, வாடகைக்குத் தந்த ஹவுசிங் அசோசியேஷனிடம் திருப்பிக் கொடுக்கும் படிவம். "அப்ப ஓம் தானே அப்பா?"

"ஓம்."

ஒக்ரோபர் பத்தாம் திகதி கொடுக்க வேண்டும். கையெழுத்து மட்டும் பாக்கி.

எனக்குப் போக விருப்பமில்லை. இந்த வசனத்தை இன்றுதான் முதன்முதலாக எழுதுகிறேன்.

24 செப்டம்பர், புதன்

சாமான் கட்டும் பெட்டிகள் வந்துவிட்டன. சமையலறைக்குப் போவதென்றால் பக்கவாட்டில் நடக்க வேண்டும். வெள்ளிக்கிழமை கொலம்பியாவுக்குப் பறக்கிறோம், பொகோட்டா நகரத்துக்கு. மத்தேயோவின் தாய் குளோரியாவைச் சந்திக்க ஐந்து நாள்.

மாலை றமணனின் கடைக்குப் போனேன். பாரிஸில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு இங்கே வந்து பலசரக்குக் கடை போட்டவர். வாயில் பூட்டு இல்லை.

"மாஸ்ரர், இல்ஃபோர்ட்டில ஆற்ற தலையில கணக்குப் படிப்பிக்கப் போறியள்?"

"அங்கயும் பிள்ளையள் இருக்குதுகள் தானே."

"இருக்குதுகள். ஆனா உங்களுக்கு முகத்தில சந்தோசத்தைக் காணேல்லையே. மகளிட்டச் சொன்னனீங்களோ?"

"என்னத்தை?"

"சரி, விடுங்கோ. மாரி பிஸ்கட் ரெண்டு பைக்கெற் கொண்டு போங்கோ. அங்க என்ன தருவாங்களோ தெரியாது."

27 செப்டம்பர், சனி. பொகோட்டா

நேற்றுப் பின்னேரம் வந்து சேர்ந்தோம். மலைக்கு மேல் இருக்கிற நகரம். ஹோட்டலின் நான்கு படி ஏறவே மூச்சு வாங்குகிறது. குளிர், லண்டன் ஒக்ரோபர் போல.

ஹோட்டலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. மரியாதைக்காக என்னைச் சுவரோரம் இருத்தினார்கள். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் மத்தேயோ, முன்னால் மேசை. எழும்புவதென்றால் அவர் எழும்பிக் கதிரையை இழுக்க வேண்டும். எனக்குக் கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தது. போகவில்லை.

"என்ன அப்பா சாப்பிடுறீங்கள்?"

"எனக்குப் பெரிசாப் பசியில்லை பிள்ளை."

அவள் எனக்கு ஒரு சூடான சொக்லேற் மட்டும் சொன்னாள். இங்கே அதோடு ஒரு துண்டு வெள்ளைச் சீஸ் வருகிறது. அதைச் சொக்லேற்றுக்குள் போட்டு, உருகியபின் கரண்டியால் அள்ளி உண்கிறார்கள். நம்ப முடியாத சுவை. மற்ற இருவருக்கும் இறைச்சி, சோறு, பொரித்த வாழைப்பழம். வாழைப்பழத்தின் மணம் என் மூக்கிலேயே நின்றது.

இன்னொரு தரம் கேட்பாள் என்று காத்திருந்தேன்.

28 செப்டம்பர், ஞாயிறு

இன்று குளோரியாவும் வந்தார். தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், என்னிலும் இரண்டு வயது இளையவர், கணவர் இல்லை. தலைமயிரை ஆண்கள்போலக் குட்டையாக வெட்டியிருக்கிறார். என்னைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தமிட்டார். எனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பழைய வீடொன்றைக் கடையாக்கிய இடம். அகியாகோ என்று ஒரு சூப்: மூன்று வகை உருளைக்கிழங்கு கரைந்து குழம்பாகி, அதில் கோழியும் ஒரு துண்டு சோளப்பொத்தியும் கிடக்கும். பாலாடை, அவகாடோ, சோறு தனித்தனியாக. எனக்கு மிகவும் பிடித்தது. கிழங்கைக் கரைத்து வைப்பது எங்கள் வீட்டுச் சமையல் போலவே இருந்தது.

பாதி உண்டபோது பரிமாறும் பெண் பானையுடன் வந்து ஏதோ கேட்டாள். நான் பழக்கத்தில் கோப்பையின் மேல் கையை வைத்து, தலையை ஆட்டினேன். அவள் சிரித்தாள். கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பாதிச் சூப்போடு! கோழிக்கால் அப்படியே கிடந்தது!

உதாரணமாக இப்படி வைத்துக்கொள்ளலாம். எங்கள் ஊர்ப் பந்தியில் "வேண்டாம்" என்பது சும்மா சாத்தி வைத்த கதவு. வந்தவர் இரண்டு தரம் தட்டுவார், பிறகுதான் திறக்கும். இங்கே நான் கதவைச் சாத்துகிறேன். கடை பூட்டு என்று நினைத்து எல்லோரும் திரும்பிப் போகிறார்கள்.

என் மனைவி தவநாயகி இருந்தால் என் கையைப் பார்த்திருக்கமாட்டாள். கண்ணைப் பார்த்துவிட்டு அகப்பையைச் சரித்திருப்பாள். அவள் போய் இரண்டு வருடம். நாற்பது வருடமாக எனக்கு வேண்டியதை நான் வாய் திறந்து சொல்லத் தேவையே இருக்கவில்லை. அது பாக்கியம் என்று நினைத்திருந்தேன்.

29 செப்டம்பர், திங்கள்

மாரி பிஸ்கட் பதினொன்று.

30 செப்டம்பர், செவ்வாய்

மதியம் சந்தைக்குள் ஒரு கடை. இங்கே பகலில் பலகையில் எழுதிப்போட்ட ஒரே சாப்பாடுதான்: சூப், சோறு, அவரை, ஒரு துண்டு இறைச்சி, பழச்சாறு. மத்தேயோ எனக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டார், அதனால் தப்பினேன். மறுபடி சுவரோரம். தொலைக்காட்சியில் உதைபந்தாட்டம், பக்கத்து மேசையில் பொலிஸ்காரர் இருவர், மேசைக்குக் கீழே யாருடையதோ நாய். எல்லோரும் விரும்பிய நேரம் எழும்புகிறார்கள், கத்திக் கேட்கிறார்கள், போகிறார்கள்.

ஆரணி ஃபோனில் சுவர் நிறங்களைக் காட்டினாள். "அப்பா, உங்கட ரூமுக்கு இளம்பச்சையோ, கிறீமோ?"

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு."

"ஒண்டைச் சொல்லுங்கோ."

"நீ பார்த்துச் செய் பிள்ளை."

பச்சையைத் தெரிந்தெடுத்து, அங்கிருந்தபடியே பெயின்ற்காரருக்கு அனுப்பிவிட்டாள். சாப்பாட்டு மேசையில் இருந்து என் அறைக்கு நிறம் பூசியாயிற்று. நானோ அந்தச் சுவருக்கும் இந்தச் சுவருக்கும் நடுவில். என்ன செய்கிறேன் நான்? வாயில் என்ன அடைத்துக் கிடக்கிறது?

1 ஒக்ரோபர், புதன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

குளோரியா ஞாயிற்றுக்கிழமை நடந்ததைக் கவனித்திருக்கிறார். கடைசி நாளுக்கு அதே கடைக்கே கூட்டிப்போனார். அதே சூப். நடுவில் மத்தேயோ கரண்டியை வைத்துவிட்டுத் தாயிடம் ஏதோ நீளமாகச் சொன்னார். ஆரணி என் காதுக்குள் சொன்னாள்: "தனிய இருக்க வேண்டாம், லண்டனுக்கு வந்து எங்களோட இருங்கோ எண்டு கேக்கிறார் அப்பா."

குளோரியா சோளப்பொத்தியைக் கடித்துக்கொண்டிருந்தார். வாயைத் துடைத்தார்.

"நோ."

அவ்வளவுதான். மறுபடி சோளத்தைக் கடித்தார்.

பெற்ற பிள்ளையின் முகத்துக்கு நேரே, ஊர் உலகம் பார்க்க! மத்தேயோ மறுபடி கேட்டார். குளோரியா சோளத்தை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார். ஆரணி சிரித்துச் சிரித்து மொழிபெயர்த்தாள். "தன்ர கட்டில் இஞ்ச தான் இருக்காம். கலியாணத்துக்கு வந்து ரெண்டு கிழமை நிண்டு, எங்கட குசினியைத் தலைகீழாக்கிப்போட்டுப் போவாவாம். அது காணுமாம்."

மத்தேயோ முகம் சுருங்கும் என்று பார்த்திருந்தேன். கொஞ்சம் சுருங்கியதுதான். பிறகு அவகாடோவில் நல்ல பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துத் தாயின் தட்டில் வைத்தார். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. யாரும் சாகவில்லை.

பரிமாறும் பெண் பானையோடு வந்தாள். என் கை தானாகவே கோப்பையின் மேல் போனது. குளோரியா என் மணிக்கட்டைப் பிடித்து ஏதோ சொன்னார், ஆரணி மொழிபெயர்த்தாள்.

"கையை எடுக்கச் சொல்லுறா அப்பா. வேணுமோ, வேண்டாமோ எண்டு கேக்கிறா. வேண்டாமெண்டா அவவுக்குக் கோவமில்லையாம்."

இப்படியும் கேட்கலாமா? முகம் சூடாகியது. ஐந்து வயதுப் பிள்ளை மாதிரி, எல்லோருக்கும் முன்னால்—

"வேணும்" என்றேன். தமிழில்தான். பரிமாறும் பெண்ணுக்கு விளங்கியது.

இரண்டாவது கோப்பையை முழுதாகச் சாப்பிட்டேன். ஆரணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப அண்டைக்கும் பசியாத்தான் இருந்தனீங்களா?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

2 ஒக்ரோபர், வியாழன்

காலை ஏழு மணிக்கு யாரையும் எழுப்பாமல் மூலையில் உள்ள வெதுப்பகத்துக்குத் தனியே போனேன். கண்ணாடிக்குள் இருந்த சீஸ் பாணைச் சுட்டிக்காட்டி இரண்டு விரல் காட்டினேன். கோப்பியும் கேட்டேன். வாசல் பக்கக் கதிரையில் இருந்து சாப்பிட்டேன். நினைத்த நேரம் எழும்பினேன். எழுபத்திரண்டு வயதில் இதைப் பெருமையாக எழுதுகிறேன், பார்.

பத்து மணித்தியாலப் பறப்பு. நடு இருக்கை. ஒரு வசனத்தை மனதுக்குள் எழுதி எழுதி அழித்துக்கொண்டு வந்தேன்.

4 ஒக்ரோபர், சனி. ஸ்ட்ரெதம்

சொல்லிவிட்டேன். நன்றாகச் சொல்லவில்லை.

ஆரணி படிவத்துக்காக வந்தாள். பேனையைத் திறந்து என் கையில் தந்தாள். நான் அதை மூடி மேசையில் வைத்தேன்.

"பிள்ளை, எனக்கு இல்ஃபோர்ட்டுக்கு வர விருப்பமில்லை. நான் இஞ்சதான் இருக்கப்போறன்."

முதலில் விளங்காதது போல நின்றாள். பிறகு, "நான் மூண்டு தரம் கேட்டனான் தானே அப்பா?"

"ஓம். கேட்டனீ."

"மூண்டு தரமும் ஓம் எண்டனீங்கள்!"

"உதாரணத்துக்குப் பார் பிள்ளை, ஒரு பந்தியில—"

"உதாரணம் சொல்லாதேங்கோ அப்பா!" முதல் தடவையாக என்மேல் கத்தினாள். "கீழ ரூம் இருக்க வேணுமெண்டு நாலு வீடு வேண்டாமெண்டு விட்டனாங்கள். நேற்றுத்தான் பச்சைப் பெயின்ற் அடிச்சு முடிஞ்சது. நான் என்ன, உங்கட மனசுக்குள்ள பூந்து பாக்கிறதே? அம்மாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. சொன்னாத்தானே தெரியும்?"

அழுதாள். நானும். அவள் சொன்னது ஒவ்வொன்றும் சரி. அவள் மனம் நோகக் கூடாது என்றுதான் ஏழு மாதம் ஓம் சொன்னேன். அந்த ஓம் அவளுக்கு நாலு வீடும், ஒரு அறையும், இன்றைய அழுகையும் ஆகிவிட்டது. மார்ச்சிலேயே ஒரு வேண்டாம் சொல்லியிருந்தால் எவ்வளவு சின்னதாகப் போயிருக்கும்?

"சாப்பிட்டுப் போ" என்றேன்.

"வேண்டாம்."

வற்புறுத்த வாய் வந்தது. விட்டுவிட்டேன். படிவத்தை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

7 ஒக்ரோபர், செவ்வாய்

ஃபோன் இல்லை. ஓம் சொல்லிவிடலாமா? இன்னும் மூன்று நாள் இருக்கிறது.

10 ஒக்ரோபர், வெள்ளி

கையெழுத்து வைக்கவில்லை. படிவத்தின் பின்பக்கத்தில் நாளைய வகுப்புக்குப் பின்னக் கணக்குகள் எழுதினேன்.

19 ஒக்ரோபர், ஞாயிறு

மதியம் மணி அடித்தது. ஆரணியும் மத்தேயோவும். மத்தேயோ கையில் துளை போடும் இயந்திரம். கேட்காமலே உள்ளே வந்து, குளியலறையில் ஒரு பிடிகம்பியும் வாசல் படியருகில் ஒன்றும் பூட்டத் தொடங்கிவிட்டார். ஆரணி கதவில் சாய்ந்துகொண்டு நிபந்தனைகள் சொன்னாள். ஒவ்வொரு நாளும் காலையில் ஃபோன். அரிசி மூட்டை தூக்கிக்கொண்டு படி ஏறக் கூடாது. முழங்கால் இன்னும் மோசமானால், "அப்ப உண்மையைச் சொல்லோணும். ஏலாது எண்டா ஏலாது எண்டு."

"சொல்லுவன்."

"பச்சை ரூமில குளோரியா வந்து நிப்பா. பிறகு மத்தேயோவின்ர சைக்கிள் நிக்கும்."

"சைக்கிளுக்குப் பச்சை பிடிக்குமோ?"

"அப்பா, பகிடி விட இன்னும் நேரம் வரேல்லை." ஆனால் வாயோரம் சிரிப்பு இருந்தது.

மரக்கறிகளோடு கிழங்கும் பருப்பும் கரைத்து ஒரு சாம்பார் வைத்திருந்தேன். மூன்று பேரும் பெட்டிகளுக்கு நடுவில் இருந்து சாப்பிட்டோம். ஆரணியின் தட்டு முடிந்ததும் கரண்டியோடு எழும்பினேன். "இன்னும் கொஞ்சம் சோறு?"

தட்டின் மேல் கையை வைத்தாள். "வேண்டாம் அப்பா."

தட்டை மூடிய அந்த ஐந்து விரல்களும் என்னுடையவை. அவள் கண்ணைப் பார்க்கவில்லை. சோற்றுச் சட்டியை மூடி, குசினிக்குள் கொண்டுபோய் வைத்தேன்.

உள்ளே நின்று காது கொடுத்தேன்.

"அப்பா..."

"என்ன பிள்ளை?"

"கொஞ்சம் வேணும். சாம்பாரும்."

சட்டியைத் திறந்தேன்.

லக்‌ஷிகாவுக்கான பதில் இன்றைக்குத்தான் கிடைத்தது: இன்னொரு தரம் கேட்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் வேண்டாம் என்கிறோம். வரும் சனிக்கிழமை வகுப்பில் சொல்ல வேண்டும். இந்தக் கொப்பியை எப்போதாவது வேறு யாராவது திறந்தால் அவர்களுக்கும் சேர்த்து, பழைய வழக்கப்படி பக்கத்தின் அடியில் ஒரு பயிற்சி எழுதுகிறேன்:

நாளைக்கு யாராவது உங்களிடம் "வேணுமா?" என்று கேட்டால், முதல் தரமே உள்ளதைச் சொல்லிப் பாருங்கள்.